ஐந்து தருமாக்களின் சரித்திரம்

மத்தியானச் சங்கு ஊதி முடிந்ததும் என் வீட்டுக்காரர் தோகுஜி நான் வேலை செய்த எடைமேடை அறைக்கு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். ரப்பர் அடி போட்ட துணிக் காலணி. அதன் பித்தளைக் கொக்கிகளில் ஒன்று நூல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தச்சிக் குடு ஹிசா. நடக்குறப்போ கிணிகிணின்னு ஆடுது. பூனைக்கு மணி கட்டி விட்ட மாதிரி இருக்குன்னு பசங்க கிண்டல் பண்றானுங்க."

"காலைக் கழுவிட்டு வந்திருக்கலாம்ல?"

"கரித்துறைமுகத்துல காலைக் கழுவுறவனும் மீன் சந்தையில மூக்கைப் பொத்துறவனும் ஒண்ணு."

சோதனைக்கு எடுக்கும் கரியைப் போடும் சாக்குகளைத் தைக்க அறையில் தடித்த நூல் இருந்தது. அதை எடுத்துத் தைத்தேன். நான் குனிந்திருந்த நேரத்தில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முட்டைச் சுருளை எல்லாம் தின்றுவிட்டார். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயை மட்டும் எனக்கு விட்டுவைத்தார்.

"இது என்ன தையல்? சாக்குத் தையல்."

"சாக்கு நூல்ல தச்சா சாக்குத் தையலாத்தான் இருக்கும். கொடுத்ததைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க."

எழுந்து நின்று தரையில் இரண்டு முறை உதைத்துப் பார்த்தார். "கெட்டியா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தையல் கெட்டியாக இருந்தது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, எழுதியாவது வைக்கிறேன்.

எங்கள் துறைமுகத்தின் ஐந்து எஞ்சின்களைப் பற்றி இப்போது பூங்காவில் ஒரு வெண்கலப் பலகை வைத்திருக்கிறார்கள். எந்த ஆண்டு வந்தன, எத்தனை டன் இழுத்தன, எந்த ஆண்டு ஓய்வு பெற்றன என்று அதில் இருக்கிறது. ஓய்வு பெற்றனவாம். வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டதை அப்படி எழுதியிருக்கிறார்கள். அந்த எஞ்சின்கள் என் எடைமேடை மேல் ஏறி இறங்கியதைப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. ஆகவே நானும் அவற்றின் சரித்திரத்தை எழுதலாம்.

தைஷோ சக்கரவர்த்தி காலத்தின் கடைசியில், போருக்கு வெகு முன்னால், ஒசாகாவிலிருந்து கப்பலில் வந்தன. தூரப் பயணம் போகும் எஞ்சின்கள் அல்ல; ஊர் எல்லை தாண்டியதே இல்லை. ஆற்றின் மேலே உள்ள சுரங்கங்களிலிருந்து வரும் கரிப்பெட்டிகளைப் பிரித்து, கப்பல் நிற்கும் இடத்துக்குத் தள்ளி, காலிப் பெட்டிகளை இழுத்து வந்து மறுபடி கோர்த்து நிறுத்த வேண்டும். நாள் முழுக்க முன்னால் போவதும் பின்னால் வருவதும்தான் வேலை. கரியும் தண்ணீரும் தங்கள் முதுகிலேயே சுமக்கும் குட்டை எஞ்சின்கள். கொதிகலனின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் தண்ணீர்த் தொட்டி. முகப்புக் கட்டைக்குச் சிவப்பு வர்ணம். கையும் காலும் இல்லாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் தருமா பொம்மை போல இருந்ததால் தருமா என்றே பெயர் நின்றுவிட்டது. தருமா ஒன்று, தருமா இரண்டு, இப்படி ஐந்து வரை.

அப்போது தொட்டிகள் தாழ்வாக இருந்தன. எஞ்சின் அறையில் வலப்பக்கம் ஓட்டுநர், இடப்பக்கம் கரி போடுகிறவர். முன்படியில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு கையில் கொடியோடு பெட்டி கோர்ப்பவர்; பின்னாளில் தோகுஜிக்கு அந்த வேலைதான். அவர் எந்தப் பக்கம் தொங்கினாலும் உள்ளே ஒருவர் கண்ணில் படுவார். தருமாவுக்கு இரண்டு கண் இருந்தது.

போரின்போது கப்பல்மேடையின் தண்ணீர்க் கோபுரம் குண்டு விழுந்து சரிந்தது. ஒரு தடவை தண்ணீர் பிடித்தால் அரை நாள் தாங்க வேண்டும் என்று தொட்டிகளை ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்றி, மூக்கு வரை நீட்டினார்கள். ஓட்டுநர் தன் பக்கத்து ஜன்னலில் தலையை வெளியே நீட்டினால் வலப்பக்கம் தெரியும். இடப்பக்கம் இருப்பவரைக் கேட்டால்தான் இடப்பக்கம். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். போர் முடிந்தது. கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள். தொட்டியை இறக்கவில்லை. எஞ்சின்களை வெட்டிப் போடும் நாள் வரை அது தற்காலிகமாகவே இருந்தது.

பிறகு எண்ணெய் வந்தது. ஊருக்கெல்லாம் கரியைக் கப்பலேற்றும் துறைமுகத்தில், கரியை இழுக்கும் எஞ்சினுக்குக் கரி வேண்டாம், கழிவெண்ணெய் ஊற்றி எரித்தால் போதும் என்று தலைமை அலுவலகத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். எண்ணெய்க் குழாயைத் திருக ஓட்டுநரே போதும். கரி போட ஆள் எதற்கு? தருமா ஐந்தின் இடப்பக்கத்தில் பல வருடம் நின்ற குனிமட்சுவை மூட்டை தூக்க அனுப்பினார்கள். மற்ற நான்கிலும் அதே கதை.

"தருமாவுக்கு ஒத்தக் கண்ணு ஆயிடுச்சு," என்று தோகுஜி அன்று ராத்திரி சோறு தின்றபடி சொன்னார். "இனிமே இடப்பக்கம் தொங்குனா நான் எனக்கே விசில் ஊதிக்கணும்."

"சொல்ல வேண்டியதுதானே மேஸ்திரிகிட்ட?"

"சொன்னேன். 'வலப்பக்கமே தொங்கு'ங்கறார் யோஷிதாகே. தடம் மாத்துற நெம்புகோல் பாதி இடத்துல இடப்பக்கம்தான் இருக்கு, அங்க பறந்தா போறதுன்னு கேட்டேன். 'இளசுதானே, குதி'ங்கறார்."

அதே வருஷம்தான் கம்பெனி, வாயில் அலுவலகத்தில் உண்மையான தருமா பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. ஒரு பிள்ளை உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிது. நாங்கள் வேண்டுதல் வைக்கும்போது அதற்கு ஒரு கண் எழுதுவோம். வேண்டியது நடந்தால் மறு கண். கம்பெனியின் வேண்டுதல், மூன்று வருடம் விபத்தே இல்லாமல் இருப்பது. நடந்தால் தொழிலாளிகள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி பெப்பு வெந்நீர் ஊற்றுக்கு ஒரு ராத்திரிக்கு அழைத்துப் போவார்கள். துறைமுக மேலாளர் தூரிகையை எடுத்து இடது கண்ணை எழுதினார். கைதட்டினார்கள். நானும் அங்கே நின்றேன்.

விபத்தைத் தடுப்பது கஷ்டம். தொட்டியை இறக்க வேண்டும், குனிமட்சுவைத் திரும்ப ஏற்ற வேண்டும். விபத்தை வெளியே கொண்டுபோவது சுலபம். துறைமுக வேலிக்கு உள்ளே நடந்தால்தான் விபத்து. தண்டவாளக் கடவையைத் தாண்டி ரோட்டில் நடந்தால் அது அவனவன் தலையெழுத்து. யாரும் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. அடிபட்டவன் கத்தினால் பக்கத்தில் இருப்பவன், "வெளிய, வெளிய," என்பான். இரண்டு பேர் தோளைக் கொடுப்பார்கள். கடவையைத் தாண்டியதும் அவன் வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தவனாகி விடுவான். அந்த ஒற்றைக்கண் பொம்மைக்காகவும், பெப்புவின் வெந்நீருக்காகவும், தன்னால் மற்றவன் வெந்நீர் கெட்டது என்று பெயர் வாங்கக் கூடாது என்பதற்காகவும் செய்தார்கள். மூன்றாவதுதான் மிகவும் பெரியது.

குனிமட்சுவின் விரலை எண்ணெய்ப் பீப்பாய் நசுக்கியபோது தோளைக் கொடுத்தவர்களில் தோகுஜியும் ஒருவர். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான்னு எழுதிட்டாங்க. குனிமட்சுவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுடீ! இனிமே எவனாவது கேட்டா என்ன பண்றதுன்னு பாவம், நேத்து சாயங்காலம் கோயில் மைதானத்துல சைக்கிள் பழகிக்கிட்டு இருக்கான், ஒன்பது விரலோட!"

அந்தச் சிரிப்புக்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். ஏன் கூடாது?

ஷோவா முப்பத்து மூன்றாம் ஆண்டு, போர் முடிந்து பதின்மூன்று வருடம், இலையுதிர்காலம். காலணி தைத்த அதே பிற்பகல். மூன்றாம் தடத்தில் ஒரு காலிப் பெட்டியை, தடம் பிரியும் இடத்துக்கு மிக அருகில் யாரோ விட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துத் தடத்தில் தருமா ஐந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஹமசாக்கி. நெம்புகோல் இடப்பக்கம் இருந்ததால் தோகுஜி இடது முன்படியில் தொங்கினார். பெட்டி நெருங்குவதைப் பார்த்து விசில் ஊதியிருக்கிறார், கத்தியிருக்கிறார். எண்ணெய் எரியும் இரைச்சல் கரி எரிவதைவிட மோசம். இடது ஜன்னலில் பார்க்கவும் கேட்கவும் ஆள் இல்லை. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்க இடமில்லை. பிரேக் பிடித்தாற்போல லேசாக ஓர் இழுவை தெரிந்தது, அவ்வளவுதான் என்று ஹமசாக்கி பிறகு சொன்னாராம்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே துறைமுக மருத்துவ அறை. அதில் ஒரு டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தாள், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் நாடா இருந்தது. அன்று நர்ஸ் வாசலில் கட்டுத்துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு பேர் ஒரு கதவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டிப் போனார்கள். மேலே தார்ப்பாய். முன்னால் மேஸ்திரி யோஷிதாகே கையை வீசி வழி விலக்கிக்கொண்டு போனார். மருத்துவ அறை வாசலைத் தாண்டினார்கள். நிற்கவில்லை. பின்மூலையைப் பிடித்திருந்த ஹமசாக்கி என் ஜன்னலைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கப்பலில் இருந்து ஏதோ சாமான் கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வண்டியின் எடையைப் பார்க்கத் திரும்பினேன்.

கடவைக்கு அந்தப்புறம், மீன்வடை விற்கும் கடை முன்னால், ரோட்டு ஓரத்தில் இறக்கி வைத்தார்கள். நகராட்சி ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்பினார்கள். அது வரும்வரை அவர் உயிரோடு இருந்தார். கடைக்காரம்மா இடுப்பில் கட்டியிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். நகர மருத்துவமனை டாக்டர் என்னிடம், "கொஞ்சம் முன்னாடியே தொடையில இறுக்கிக் கட்டியிருந்தா…" என்று ஆரம்பித்தார். கம்பெனியின் நலத்துறை அதிகாரி உள்ளே வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த அதிகாரி ரொம்ப நல்ல மாதிரி. வீட்டுக்கு வந்து ஊதுபத்தி ஏற்றினார். கண் கலங்கினார். "கடைசியா எப்ப பார்த்தீங்கம்மா? என்ன பேசினாரு?" என்று கேட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். காலணியைச் சொன்னேன், கொக்கியைச் சொன்னேன், முட்டைச் சுருளைக்கூடச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கம்பெனி ஊருக்கெல்லாம் சொன்ன முடிவு இது: பழுதான காலணி அணிந்திருந்த தொழிலாளி, கடவைக்கு வெளியே பொதுச்சாலையில் கால் இடறி விழுந்து, அடையாளம் தெரியாத லாரியில் அடிபட்டார். காலணி பழுது என்பதற்கு மனைவியே சாட்சி.

அந்த லாரியைப் போலீஸ் தேடவில்லை. அதன் நிறம் என்ன என்றுகூட யாரும் கேட்கவில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு மத்தியானம். அதையும் எடுத்துக்கொண்டு போய் அவருக்கு எதிராகவே வைத்தார்கள்.

வசந்தகாலத்தில் பொம்மைக்கு இரண்டாவது கண் எழுதினார்கள். பெப்புவுக்கு பஸ் போனது. எனக்கென்று ஊற்று நீராவியில் வேகவைத்த இனிப்பு உருண்டைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, எடைமேடை அறை மேஜையில் வைத்துவிட்டு, யாரும் முகத்தைக் காட்டாமல் போயிருந்தார்கள். நான் அதைத் தூக்கி எடைமேடையின் நடுவில் வைத்தேன். கரிப்பெட்டிகளை நிறுக்கிற மேடை. முள் அசையவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டேன். ஒரு வண்டி ஏறிப் போயிற்று.

டீசல் வந்ததும் தருமா ஐந்தை முதலில் வெட்டினார்கள். பிறகு ஒன்று, மூன்று, நான்கு. இரண்டு மட்டும் கொட்டகையின் மூலையில் துருப்பிடித்து நின்றது. வெட்டுக்கூலிக்குக் கட்டுப்படியாகாது என்று விட்டார்கள். அதுதான் இப்போது பாதுகாக்கப்பட்ட பொக்கிஷம்.

போன வருடம் எசாகி என்ற ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். பழைய எஞ்சின் ஆர்வலர் சங்கத்துக்குச் செயலாளர். கெட்டவர் இல்லை. காலணியை வாசலில் ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"உங்க வீட்டுல ஒரு போட்டோ இருக்குன்னு கேள்விப்பட்டேம்மா. உங்க வீட்டுக்காரரு தருமா படியில நிக்கற மாதிரி. இடப்பக்கத்துல இருந்து எடுத்த படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. எல்லாரும் வலப்பக்கத்துல இருந்தே எடுத்திருக்காங்க. பலகையில பதிச்சா ரொம்ப நல்லா இருக்கும்."

"பலகையில வேற என்ன எழுதப் போறீங்க?"

வாசகத்தை எடுத்துக் காட்டினார். ஆண்டு, எடை, சக்கரத்தின் அளவு. கடைசியில் ஒரு வரி: 'மூன்றாண்டு விபத்தின்மைப் பெருமையைத் துறைமுகத்துக்கு ஈட்டித் தந்த வகை.'

"இந்த வரிக்குப் பதிலா வேற ஒரு வரி எழுதுங்க. படம் தரேன்."

"என்ன வரிம்மா?"

"படத்துல இருக்கிறவர் இந்த வகை எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவுல, துறைமுகத்துக்கு உள்ள, நசுங்கிச் செத்தாருன்னு."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பதிவுல லாரின்னு இருக்கு. பூங்காவுல எஞ்சினுக்குப் போடுற கூரையும் வேலியும் கம்பெனி செலவு. நேர்ல பார்த்தவங்க யாராவது சொன்னா, நான் சங்கத்துல சண்டை போடுவேன். சத்தியமா போடுவேன். நீங்க பார்த்தீங்களா?"

நான் தார்ப்பாயைத்தான் பார்த்தேன்.

தூக்கிய நால்வரில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யோஷிதாகேயும் போய்விட்டார். மிச்சம் ஹமசாக்கி. கம்பெனிக் குடியிருப்பின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். நான் போனபோது வாசலில் குந்தி உட்கார்ந்து தூண்டில் மிதவைக்குச் சிவப்பு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் நான் காலை வைத்ததில்லை.

"வா ஹிசா. டீ போடட்டுமா?"

"டீ வேணாம் ஹமசாக்கி அண்ணே. ஒரு வார்த்தை வேணும்."

சொன்னேன். கேட்டுக்கொண்டே மிதவையைத் திருப்பித் திருப்பி வர்ணம் அடித்தார்.

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? தோகு திரும்பி வரப் போறானா?"

"அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பீங்க. அவர் உசுரோட பலகையில கெடந்தப்பவும்."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நாலு வீட்டுல அடுப்பு எரியாது. யோஷிதாகே விடுவானா?"

"உங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுது. நல்லா எரிஞ்சுது. பெப்புல வெந்நீர் எப்படி இருந்துச்சு? சூடா இருந்துச்சா?"

"ஹிசா…"

"இடுப்பு வரைக்கும் இறங்குனீங்களா, கழுத்து வரைக்கும் இறங்குனீங்களா?"

தூரிகையைத் தகரத்தில் போட்டார். "போதும். யோஷிதாகே 'வெளிய'ன்னான், தூக்கினோம். அவன் மேஸ்திரி."

"அவன் சொன்னானா? இல்ல, அவன் வர்றதுக்கு முன்னாடியே தூக்கிட்டீங்களா?"

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் யோஷிதாகேவைத்தான் திட்டி வந்தேன். கூண்டில் அடைத்த எலி போல ஹமசாக்கி இங்கும் அங்கும் பார்த்தார்.

"முன்னாடியே," என்றார். "யோஷிதாகே அப்புறம்தான் ஓடி வந்தான். கை பழகிப் போச்சு. நான் எஞ்சினை விட்டு இறங்கி வந்தப்ப குனிமட்சு பலகையை எடுத்துக்கிட்டு வந்துட்டான். யாரும் யாரையும் கேக்கல."

"குனிமட்சுவா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. நீ கேட்டுட்ட, சொல்லிடறேன். எங்களுக்கு முன்னாடி சொன்னது தோகுதான். பெட்டியை நகர்த்தி அவனை எடுத்தோம். கண்ணு திறந்திருந்துச்சு. டாக்டர்கிட்ட தூக்குடான்னு நான் சொல்ல வாயெடுத்தேன். அவன் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, 'வெளிய அண்ணே, வெளிய, சீக்கிரம்'னான். இன்னும் ஆறு மாசம்தான் பாக்கி இருந்துச்சு, பொம்மையோட ரெண்டாவது கண்ணுக்கு."

பொய் சொல்லித் தப்பிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. அதுதான் தோகுஜி. தன்னால் நூறு பேரின் வெந்நீர் கெட்டது என்று பெயர் வரக் கூடாது. தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது அதை நினைத்த மனிதர் அவர். அங்கேயே அவர் நின்றிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

"அவர் சொன்னாலும் நீங்க தூக்கியிருக்கக் கூடாது," என்றேன்.

"கூடாது."

"எதிர்ல டாக்டர் இருந்தாரு."

"இருந்தாரு."

"பூங்காவுல பலகைத் திறப்பு விழாவுக்கு உங்களைத்தானே பேசக் கூப்பிட்டிருக்காங்க? கடைசி ஓட்டுநர்னு?"

"ஆமா."

"அங்க சொல்லுங்க. அவர் சொன்னதைக்கூடச் சொல்லுங்க. எனக்கு வெட்கம் இல்ல. ஆனா எங்க செத்தாருன்னு சொல்லுங்க."

காய்ந்த வர்ணம் ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே, "சொல்றேன்," என்றார்.

திறப்பு விழா அன்று நல்ல வெயில். தருமா இரண்டுக்குக் கறுப்பு பூசி, முகப்புக் கட்டையைச் சிவப்பாக்கி, மண்ணைத் தாங்கும் கற்சுவருக்குப் பக்கத்தில் கூரையின் கீழ் நிறுத்தியிருந்தார்கள். வலப்பக்கம் நாற்காலிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாத்தியக் குழு. நகரத் துணைத் தலைவர். கம்பெனியிலிருந்து ஓர் இளம் அதிகாரி. நாங்கள் வேலை செய்த காலத்தில் பிறந்தே இருக்க மாட்டான். படம் என் பையில் இருந்தது. எசாகி என்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்து, "வாசகம் இன்னும் முடிவாகலேம்மா, அவர் பேசட்டும்," என்று காதில் சொன்னார். ஆனால் பலகை ஏற்கெனவே துணி மூடி நின்றது. வெண்கலத்தில் வார்த்த பலகை. வார்த்ததை எப்படி முடிவாகவில்லை என்பது?

ஹமசாக்கி பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். பேச ஆரம்பித்ததும் நன்றாகத்தான் பேசினார். கப்பலில் வந்த கதை. குளிர்காலத்தில் காலையில் எஞ்சின் மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுத் தின்ற கதை. பிள்ளைகள் சிரித்தார்கள். குண்டு விழுந்தது, தொட்டியை உயர்த்தினார்கள் என்றார். எண்ணெய் வந்தது என்றார். அங்கே நிறுத்தினார். கம்பெனி அதிகாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அப்புறம்… அப்புறம் டீசல் வந்துச்சு," என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க ஹமசாக்கி அண்ணே."

எசாகி என் சட்டைக் கையைத் தொட்டார். உதறினேன்.

"தோகுஜி எங்க செத்தாரு?"

வாத்தியக் குழுவில் ஒரு பெண்பிள்ளை மேளக்குச்சியைத் தவறவிட்டாள். அது சிமென்டில் உருண்டது. இளம் அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம், "யார் இந்தம்மா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"எங்க? உள்ளயா, வெளியவா? ஒரு வார்த்தைதான். சொல்லிட்டு உட்காருங்க."

ஹமசாக்கி தொப்பியைக் கழற்றினார். தலை முழுக்க வழுக்கை. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு கேட்டது.

"உள்ள," என்றார். "மூணாம் தடத்துக்குப் பக்கத்துல. நான்தான் ஓட்டினேன். எனக்கு இடப்பக்கம் தெரியல. தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கம்பெனி அதிகாரி எழுந்து பலமாகக் கைதட்டினான். விழாவில் ஒருவர் தட்டினால் எல்லோரும் தட்டுவார்கள், தட்டினார்கள். வாத்தியக் குழு ஆசிரியை கையை உயர்த்தினாள், பிள்ளைகள் ஊத ஆரம்பித்தார்கள். துணைத் தலைவர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கடைசி வரி அப்படியேதான் இருந்தது. படத்துக்கென்று விட்ட சதுரம் வெறுமையாகப் பளபளத்தது.

எசாகி ஓடி வந்தார். "நான் கேட்டேன்மா. எல்லாரும் கேட்டாங்க. இனிமே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. பலகையை… பலகையை இந்த வருஷம் மாத்த முடியாது. ஆனா படத்தை இப்போதைக்குக் குடுத்தீங்கன்னா…"

"வரியை மாத்துங்க. படம் வரும்."

"அது வரைக்கும் அந்த இடம் காலியா இருக்குமே?"

"இருக்கட்டும்."

படம் என் பையோடு வந்தது, என் பையோடு வீட்டுக்குத் திரும்பியது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த விழாவுக்கு அவர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள்; கூப்பிடாமலே போவேன்.

ஹமசாக்கி நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிட்டிருந்தன. எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. நன்றியும் வரவில்லை. கடந்து போகும்போது, "சத்தமா சொன்னீங்க," என்றேன். அது நிஜம். அதற்கு மேல் அவருக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் பந்தலில் சிவப்பரிசிச் சோறு தின்னப் போன பிறகு நான் எஞ்சினின் மறுபக்கம் போனேன். இடப்பக்கத்துக்கும் கற்சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிகிறது. அங்கே வர்ணம்கூடச் சரியாகப் பூசவில்லை. முன்படி வரை போனேன். இந்த வகை எஞ்சின் ஐந்திலும், தொழிற்சாலையில் எவனோ அளவு தவறி, இடது முன்படியை வலதுபடியைவிட இரண்டு விரல் தாழ்வாகப் பொருத்தி அனுப்பியிருந்தான். பெட்டி கோர்ப்பவர்களுக்கு எல்லாம் அது தெரியும். தோகுஜி தினமும் அவன் பரம்பரையையே திட்டுவார். பலகையில் அதுவும் இல்லை. முகப்புக் கட்டையின் அடிவிளிம்பிலிருந்து விரலால் அளந்தேன். சுற்றி வந்து வலப்பக்கமும் அளந்தேன்.

இரண்டு விரல் தாழ்வாகத்தான் இருக்கிறது.